கடை வாரண்டி

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு நாள், விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி அறையில் நடந்தது இது.

எங்களுக்குச் சிவகாசி. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சின்ன பிரஸ் ஒன்று நாரணாபுரம் ரோட்டில் இருக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க என் கணவருக்கு நின்றுகொண்டே சாப்பிடத்தான் நேரமிருக்கும். அந்தச் சீசன் நடுவில்தான் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளைக்கு வாட்ச் வாங்கும் பேச்சும் கூடவே வந்தது.

மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாட்ச் கேட்கவில்லை. மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். பெண் பார்க்க வந்தபோது கையில் ரப்பர் பட்டை வைத்த ஏதோ ஒன்றைத்தான் கட்டியிருந்தார். எங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. முந்தின வருடம் என் கணவரின் அண்ணன் தன் மருமகனுக்கு வெளிநாட்டு வாட்ச் ஒன்று போட்டார். மண்டபத்தில் வந்தவர்கள் எல்லாம் அந்த மருமகன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார். நம் மாப்பிள்ளைக்கும் அதே கம்பெனி வாட்ச்தான் என்று அன்றைக்கே அவர் தீர்மானித்துவிட்டார்.

மதுரையில் இருக்கும் ஷோரூமுக்கு முதலில் போனோம். விலையைக் கேட்டதும், கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். பிறகு பிரஸ்ஸுக்கு மை சப்ளை செய்கிறவர் மூலமாக விருதுநகர் ஆள் தெரியவந்தார். அதே வாட்ச், ஒரிஜினல், விலை மட்டும் ரொம்பக் குறைவு. ஒரே விஷயம், அது கம்பெனி அங்கீகாரம் கொடுத்த கடை இல்லை. வெளிநாட்டில் இருந்து நேராக வரவழைத்து விற்கிறவர்.

மகள் போனில் கேட்டுவிட்டு, "அப்படி வாங்கினா கம்பெனி வாரண்டி செல்லாதுன்னு சொல்றாங்கம்மா" என்றாள். என் கணவர் போனை வாங்கி, "கடைக்காரரே ரெண்டு வருசம் வாரண்டி தாராராம், நீ சும்மா இரு" என்று வைத்துவிட்டார். எனக்கு இதைப் பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மகள் சொன்னதை அன்றிலிருந்து மறக்க முடியவில்லை.

பணமாகத்தான் கொண்டுவர வேண்டும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். துணிக்கடைப் பைக்குள் பணத்தை வைத்து, மேலே ஒரு சேலையை மடித்து வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். திருத்தங்கல் தாண்டி ஆனைக்குட்டம் விலக்கு வருவதற்குள் பைக்குள் எத்தனை தடவை கையை விட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. என் கணவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு காதில் போனுமாக, பிரஸ்ஸில் சிவப்பு நிறம் மங்கி விழுகிறது என்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.

கீழே மருந்துக்கடை. அதன் பக்கத்துப் படியில் ஏறினால் மாடியில் கண்ணாடிக் கதவு. போர்டு கிடையாது. பெல் அடித்தால் உள்ளிருந்து கேமராவில் பார்த்துவிட்டுத் திறக்கிறார்கள். முன்னறையில் நாலைந்து நாற்காலி. அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தடுப்பு வைத்த ஏசி அறை. கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம். நல்ல பேச்சு.

"வாங்க அண்ணாச்சி, வாங்கக்கா. பீஸ் பத்திரமான இடத்துல இருக்கு. ஆள் எடுத்துட்டு வந்துக்கிட்டே இருக்காரு. இந்தா, இப்ப வந்துரும்."

இப்ப வந்துரும் என்பதை அவர் அன்று காலையில் பல தடவை சொன்னார். காப்பி வந்தது. இன்னொரு காப்பியும் வந்தது. வாட்ச் வரவில்லை. என் கணவருக்குப் போன் மேல் போன். மிஷின் நின்றுவிட்டதாம், லோடு ஏற்ற வண்டி வந்து நிற்கிறதாம். அவர் வெளியே மாடிப்படிப் பக்கம் போய்ப் பேசுவதும் உள்ளே வந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்.

முன்னறையில் எங்களுக்கு முன்பே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பர்தா. என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். அவரால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பார். வந்து உட்காருவார். கைப்பை ஜிப்பைத் திறப்பார், மூடுவார். இருந்த கவலையில் அந்த ஜிப் சத்தம் வேறு. கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

கடைக்காரர் உள்ளறைக்குப் போய் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவாகவே என்னிடம் கேட்டார்.

"விசேசத்துக்கா அக்கா?"

கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரே மகள், பெங்களூர் மாப்பிள்ளை, தை மாதம் கல்யாணம். மகள் இந்த வாட்ச் வேண்டாம் என்று அடம் பிடிப்பதையும், அவள் எப்போதும் அப்படித்தான், தனக்கென்று எதுவும் கேட்காத பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்த முகமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். போகப் போக அந்த முகம் மாறியது.

"வாட்ச்சுக்கு எதாச்சும் ஒண்ணுன்னா, மாப்பிள்ளை பெங்களூர்ல கம்பெனிலதான கொண்டுபோய்க் குடுப்பாக? அவங்க வாங்குவாங்களான்னு கேட்டீகளா?" என்றார்.

"கடை வாரண்டி இருக்குன்னாரு" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இந்தம்மா எதற்கு இப்படிப் பேசுகிறது என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். என்னையும் என் கணவரையும் கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வெல்வெட் தட்டில் வாட்ச்சை எடுத்து வைத்தார். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. என் கணவர் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டார். மண்டபத்தில் நாலு பேர் மாப்பிள்ளை கையைப் பிடித்துப் பார்ப்பது அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது.

எனக்கு அந்த அம்மா கேட்டதே காதில் நின்றது. வாரண்டி கார்டைக் காட்டச் சொன்னேன். கார்டு இருந்தது. வாங்கிய தேதி எழுதும் இடமும் கடை முத்திரை வைக்கும் இடமும் காலியாக இருந்தன.

"இதுல ஒண்ணுமே எழுதலையே தம்பி?"

"அதுக்குத்தான்க்கா விலை குறையுது. ஷோரூம்காரன் ஏசிக்கும் வாடகைக்கும் சேத்து உங்ககிட்ட வாங்கி, ஒரு சீல் குத்தித் தாரான். நமக்கு எதுக்கு அது? எதுன்னாலும் நேரா எங்கிட்ட வாங்க. நான் பாத்துக்கிடுதேன். அண்ணாச்சி யாவாரம் பண்றவுக, அவுகளுக்குத் தெரியும்."

யாவாரம் பண்றவுக என்றதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பணத்தை எடு" என்றார். நான் சேலையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டேன்.

அப்போது உள்ளறைக் கண்ணாடிக் கதவு திறந்தது. அந்த அம்மா நேராக வந்து, தன் கைப்பையிலிருந்து ஒரு வாட்ச்சை எடுத்து, எங்கள் வாட்ச் பக்கத்தில் வைத்தார். அதே கம்பெனி. முள் நகரவில்லை.

"இதையும் பாத்துட்டு வாங்குங்க" என்றார்.

"உங்களை வெளியதான உக்காரச் சொன்னேன்?" என்று கடைக்காரர் எழுந்தேவிட்டார். எங்கள் பக்கம் திரும்பி, "வேற கடைக்காரன் அனுப்புன ஆளு அண்ணாச்சி. யாவாரத்தைக் கெடுக்க வந்திருக்கு" என்றார். என் கணவர் அந்த அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த அம்மா அசையவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

அவர் கணவர் சவுதியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். இனி இங்கேயே இருக்கப்போகிறார் என்ற சந்தோஷத்தில், ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசில் இவர் அந்த வாட்ச்சை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கணவரிடம் ஷோரூமில் வாங்கியது என்று சொல்லித்தான் கொடுத்தாராம். ரெண்டு மாதத்தில் பிந்தி ஓடி, பிறகு நின்றேபோனது. மதுரையில் கம்பெனி சர்வீஸில் காட்டியபோது, வாட்ச் ஒரிஜினல்தான், ஆனால் எங்கள் கடை எதிலும் விற்றது இல்லை, வாரண்டி கிடையாது, காசு கொடுத்தால் பார்க்கிறோம் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கொண்டுவந்தால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிப்பு. இதற்கிடையில் கணவர் பஜாரில் சின்னதாக ஒரு கடை பிடித்துவிட்டார். அட்வான்ஸுக்குக் கொஞ்சம் குறைகிறது. அன்று சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"வாட்ச்சை எடுத்துக்கிட்டுப் பணத்தைக் குடுங்கன்னு காலையிலயே வந்துட்டேன். சிவகாசிலருந்து ஒரு பார்ட்டி வருது, அவங்க வாங்கினதும் அந்தப் பணத்துல தாரேன், அதுவரைக்கும் பேசாம உக்காருங்கன்னாரு. நீங்க வாங்கணும்னு துஆ கேட்டுக்கிட்டுத்தான்க்கா உக்காந்திருந்தேன். அல்லா மேல சத்தியமா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெறகு நீங்க மகளைப் பத்திப் பேசுனீக. என்னால முடியல."

கடைக்காரர்தான் முதலில் பேசினார்.

"இனிமே உங்களுக்கு ஒரு பைசா கிடையாது. என்ன பண்ணணுமோ பண்ணிக்கிடுங்க."

அதுவரை அந்த அம்மா மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அந்த வார்த்தையில் போய்விட்டது. பையை மூடினேன். "தம்பி, நாளைக்கு எங்க வாட்ச் நின்னா, அடுத்த பார்ட்டி வர்ற வரைக்கும் நானும் இப்படித்தான் வெளிய உக்காரணுமா?" என்று கேட்டேன். அவர் என் கணவரிடம் மட்டும் பேச ஆரம்பித்தார். இன்னும் விலை குறைக்கிறேன் என்றார். அவர் குறைக்கக் குறைக்க என் கணவரின் முகம் இறுகியது. கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

கீழே வந்து காரில் உட்கார்ந்தோம். தப்பித்தோம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் என் நினைப்பெல்லாம் மாடியில் இருந்தது. அந்த அம்மா மேலேயே இருக்கிறார். நாங்கள் தப்பித்ததற்கான விலையை அவர் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் என் பணம் இந்நேரம் அவர் கைக்குப் போயிருக்கும்.

"ஏங்க, அந்தம்மா..." என்றேன்.

"நமக்கெதுக்கு வம்பு? அங்கன மிஷின் நிக்குது" என்று அவர் சாவியைத் திருகினார். நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். பின்னால் அவர் கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை.

மேலே அந்த அம்மா அதே நாற்காலியில், வாட்ச்சை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, குறைகிற பணத்தை நான் தருகிறேன், முடிகிறபோது திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். என் கணவரிடம் என்ன பதில் சொல்வேன் என்றுகூட நினைக்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்க்கா. வாங்கிக்கிட்டேன்னா, இதுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்னு ஆயிரும்."

இதைச் சொன்னபோது என் கணவர் வாசலில் நின்றிருந்தார். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தார். கோபமாக வந்தவர், போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, எங்களுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீசன் நேரத்தில் அவர் போனை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

கடைக்காரர் வெளியே வந்து, "என்ன அண்ணாச்சி?" என்றார்.

"அந்தம்மா கணக்கை முடிங்க தம்பி. நாங்க ஒண்ணும் பேச மாட்டோம். சும்மா உக்காந்திருப்போம்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. பில்லில்லாத வாட்ச்செல்லாம் எம்புட்டு இருக்குன்னு அவங்களும் பாக்கட்டும்."

கடைக்காரர் உள்ளே போய்விட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான் பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். யாரையாவது அடியாள் என்று கூட்டி வருவானோ என்று ஒரு பக்கம் பயம். பிரஸ்ஸில் என்ன ஆனதோ என்று ஒரு பக்கம். கீழே ஹார்ன் சத்தம் கேட்டாலே மூன்று பேரும் கதவைப் பார்த்தோம். உள்ளே கடைக்காரரின் போன் அடிப்பதும், அவர் தணிந்த குரலில் பேசுவதும், கண்ணாடி வழியாக எங்களைப் பார்ப்பதுமாக நேரம் போனது. அருப்புக்கோட்டையிலிருந்து அடுத்த பார்ட்டி கிளம்பிவிட்டார்கள் என்பது அவர் பேச்சில் புரிந்தது. அவர்கள் வரும்போது நாங்கள் இங்கே இருக்கக்கூடாது. அதுதான் அவருக்கு அப்போது பெரிய கவலை.

கடைசியில் வெளியே வந்து, அந்த அம்மாவின் வாட்ச்சை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். பழசாகிவிட்டது, சர்வீஸ் செலவு என்று சொல்லி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, மீதியைப் போனில் அனுப்பினார். என் கணவர் முழுசாகக் கேட்கலாம் என்று வாயெடுத்தார். அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். மெசேஜ் வந்ததும் அங்கே நின்றபடியே பஜார் கடை உரிமையாளருக்குப் போன் போட்டார். "வாங்கம்மா, வச்சிருக்கேன்" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. அந்த அம்மா அப்போதுதான் ஜிப்பை மூடினார்.

மூவரும் படியிறங்கினோம். பாதிப் படியில், வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவரும் அவர் மனைவியும் எதிரே ஏறி வந்தார்கள். அந்தப் பெண்ணின் மார்போடு ஒரு துணிப்பை. அணைத்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெரிந்தது. எங்கள் வேலை முடிந்துவிட்டது, வழி விட்டு இறங்கிப் போய்விடலாம். அந்த அம்மா நின்று என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் பேச நான் விடவில்லை.

"வாட்ச் வாங்கவா? கார்டுல கடை சீல் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்கம்மா. கம்பெனில வாரண்டி தர மாட்டாங்க. இவங்களுக்கு அப்படித்தான் ஆச்சு" என்றேன்.

அந்தப் பெண் நின்றார். அவர் கணவர், மாடியில் என் கணவர் அந்த அம்மாவைப் பார்த்தாரே, அதே மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ வா" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிப்போய்விட்டார். பெல் அடிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் வாங்கினார்களா இல்லையா, தெரியாது.

மாப்பிள்ளைக்குச் சிவகாசியிலேயே தேதி போட்டு, முத்திரை குத்திய கார்டோடு சாதாரண வாட்ச் ஒன்று வாங்கினோம். மண்டபத்தில் யாரும் அவர் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. என் கணவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவசரத்தில் ஆட்டோ ஏறிப் போய்விட்டார். விருதுநகர் பஜார் பக்கம் போகும்போதெல்லாம் புதுக் கடைகளை எட்டிப் பார்க்கிறேன். ஆனால் அதைவிட அதிகமாக நான் யோசிப்பது வேறு. என் மகளுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஏமாந்தால்தான் அது என் கைக்கு வரும் என்றிருந்தால், நான் எழுந்து போய் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்ல முடியாத வரைக்கும் அந்த அம்மாவை என்னால் மறக்கவும் முடியாது.